உள்ளூர் ஓட்டமா, வெளியூர் ஓட்டமா?

(ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். முப்பத்தோரு வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை இது. மைக்கைப் பிடித்தால் நடுங்குகிறது. ஆனாலும் தலைவர் அவர்கள் அழைத்தபோது மறுக்க முடியவில்லை. காரணம், போன மாதம் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற ஒரு பையன்.

கெடாவில் ஒரு தோட்டத்தில் அவன் தாய் இன்னும் பால் மரம் வெட்டுகிறாள். பையனுக்கு 23 வயது. 'டி' லைசென்ஸ் எடுத்து, 'ஈ' எடுத்து, ஜி.டி.எல். என்னும் சரக்கு வாகன லைசென்சும் கையில் வைத்திருக்கிறான். கனரக வண்டி ஓட்ட 21 வயது ஆக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த வயது வரும்வரை அவன் கெலிண்டனாக, அதாவது லோரியில் உதவியாளாகப் போய் மூட்டை தூக்கியிருக்கிறான். அவனுக்கு இப்போது இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று, பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குக் கொள்கலன் இழுப்பது. இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். மற்றது, போர்ட் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் தூர ஓட்டம். மாதக் கடைசியில் காசு அதிகம். "மாமா, எதற்குப் போகட்டும்?" என்று கேட்டான்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று அவனிடம் இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன். அவனும் இங்கேதான் எங்கோ நிற்கிறான்.

தோழர்களே! நம் பிள்ளைகள் ஏன் லோரிக்குப் போகிறார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனை ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, எத்தனை செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் ஆகிவிட்டன! பத்து காவானைப் பாருங்கள். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த தோட்ட மண் அது. இன்று அங்கே பெரிய பெரிய தொழிற்சாலைகள். 2014 மார்ச் 1-இல் திறந்த இரண்டாவது பாலத்தின் பெருநிலத்துக் கால் அங்கேதான் ஊன்றியிருக்கிறது. பாட்டன் நின்ற நிரை இருந்த பக்கத்தில் பேரன் கொள்கலன் லோரியைத் திருப்புகிறான். வண்டி ஓட்டுவதும் நமக்குப் புதிதல்ல. இந்த ஜார்ஜ் டவுனில் மாட்டு வண்டி ஓட்டிய தமிழன் உண்டு. கடற்கரையில் படகு தள்ளிய தமிழன், மூட்டை சுமந்த தமிழன் உண்டு. அந்த வரிசையில் கடைசியாக வந்தவன்தான் லோரிக்காரன்.

நான் 1983-இல் கெலிண்டனாகச் சேர்ந்தேன். அப்போது பாலம் கிடையாது. தீவுக்குச் சரக்கு வர வேண்டுமென்றால் லோரியும் பெர்ரியில்தான் ஏற வேண்டும். பெர்ரிக்காகக் காத்திருக்கும் வரிசையில் எத்தனை பேர் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள் தெரியுமா! 1985-இல் பாலம் திறந்தது, 13.5 கிலோமீட்டர். மறு வருஷம் எனக்கு ஸ்டீயரிங் கிடைத்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. அதற்கு முன் பழைய பெரிய சாலையில் ஊர் ஊராக நுழைந்து போனால், ராத்திரி எங்காவது படுத்தே ஆக வேண்டும். நெடுஞ்சாலை வந்ததும் பட்டர்வொர்த்தில் மாலையில் ஏற்றிய சரக்கை விடிவதற்குள் கிள்ளானில் இறக்கலாம் என்று ஆயிற்று. முதலாளிக்கு நல்லதுதான். டிரைவருக்கு? படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த அந்த ஓர் இரவு அவனிடமிருந்து போயிற்று.

முதலில் உள்ளூர் ஓட்டத்தைச் சொல்கிறேன். உள்ளூர் என்றால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் மறுக்கிறேன். நெடுஞ்சாலையில் மணிக்கு 80, 90 என்று நேராகப் போவதற்கு ஒரு மாதப் பழக்கம் போதும். ஒரு 40 அடிக் கொள்கலனைப் பின்னால் வைத்துக்கொண்டு, குறுகலான தொழிற்சாலைக் கொட்டிலுக்குள், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் பின்னோக்கி நுழைப்பதுதான் தொழில். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலது பக்கம் போகும். இதைப் புத்தகம் சொல்லிக் கொடுக்காது. நாளைக்கு ஐந்து தடவை, பத்து தடவை செய்து செய்து கை கற்றுக்கொள்ள வேண்டும். தூர ஓட்டக்காரனுக்கு ஒரு பயணத்தில் இரண்டு தடவைதான் அந்தப் பாடம்.

அப்புறம் மோட்டார் சைக்கிள்! வேலை விடும் நேரத்தில் பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் கண்ணுக்கே தெரியாது. அதன்மேல் நம் தோட்டத்துப் பெண்பிள்ளைதான் சீருடையோடு உட்கார்ந்திருப்பாள். இடது பக்கம் திரும்பும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்புவேன். முப்பத்தோரு வருஷமும் அப்படித்தான்.

ஜார்ஜ் டவுனுக்குள் கடைகளுக்குச் சரக்குப் போடும் சின்ன லோரி வேலை இன்னொரு விதம். அரிசி மூட்டை, எண்ணெய்த் தகரம், வெங்காயச் சாக்கு. தெருவோ பழைய தெரு. 2008-இல் உலகப் பாரம்பரிய நகரம் ஆனபிறகு பயணிகள் கூட்டமும் சேர்ந்துகொண்டது. நிறுத்த இடமில்லை, நிறுத்தினால் சம்மன். நாலு மாடிக்கு மூட்டை தூக்கச் சொல்லுவார்கள். இந்த வேலை செய்தவர்களுக்கு ஐம்பது வயதில் முதுகு பேசும். என் முதுகு இப்போது பேசிக்கொண்டிருக்கிறது, உங்களுக்குக் கேட்காது.

இத்தனையும் இருந்தாலும் உள்ளூர்க்காரன் ராத்திரி தன் பாயில் படுக்கிறான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்தில் வந்து சேரலாம். இதற்கு விலை போட முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். என் மனைவி போட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியூர் ஓட்டத்துக்கு வருவோம். நான் ஆறு வருஷம் உள்ளூர் ஓட்டிவிட்டுப் பதினொரு வருஷம் வெளியூர் ஓட்டினேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் இளைஞர்கள் என்னை நம்பமாட்டார்கள். மண்டோர் கிடையாது, கிராணி கிடையாது. (கிராணிமார்கள் மன்னிக்க வேண்டும்.) விடியற்காலையில் கோலகங்சார் பக்கம் மலைமேல் பனி இறங்கும்போது, கையில் ஒரு கோப்பைத் தேநீரோடு நிற்கையில் நான்தான் ராஜா. புக்கிட் காயூ ஹீத்தாமில் சயாம் எல்லையைப் பார்த்திருக்கிறேன். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்குச் சாலையில் யானைக்காக லோரியை நிறுத்திக் காத்திருக்கிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு இந்த நாட்டை முழுசாகக் காட்டியது அந்தத் தொழில். காசும் அதிகமாகத்தான் வந்தது. கல்யாணமாகாத பையன், வீட்டில் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் நிற்கிறது என்றால், இரண்டு மூன்று வருஷம் வெளியூர் ஓட்டிச் சேர்ப்பதில் தப்பே இல்லை. அதை நான் தடுக்கமாட்டேன்.

ஆனால் அந்தச் சாலை மன்னிக்காது, தோழர்களே. வடக்கிலிருந்து ஈப்போவுக்குப் போகும்போது மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஜெலாப்பாங் வரை நீண்ட இறக்கம். புதிதாக ஓட்டுகிறவன் கனமான பாரத்தோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவான். பிரேக் சூடேறும், வாடை வரும், புகை வரும். அப்புறம் மிதித்தால் பஞ்சுமேல் மிதித்த மாதிரி இருக்கும். வண்டி நிற்காது. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, என்ஜினையே பிரேக்காக வைத்து, நத்தை மாதிரி இறங்க வேண்டும். பின்னால் கார்க்காரன் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும். ஜெலாப்பாங்கில் முன்பு ஒரு டோல் இருந்தது. பிரேக் போன கனரக வண்டிகள் வந்து மோதிய இடம். பிறகு அந்த டோலையே எடுத்துவிட்டார்கள். இறக்கம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இனி நான் என் வாயால் சொல்ல வெட்கப்படும் ஒரு சம்பவம்.

அன்று காலை 9 மணிக்குத் துறைமுகத்தில் வரிசையில் நின்றேன். கொள்கலன் வரவில்லை. ஏதோ பத்திரம் சரியில்லையாம். பத்து மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி. வெயிலில் லோரிக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உட்கார்ந்தவனுக்குத் தெரியும். மாலை 5 மணிக்குக் கொள்கலன் ஏறியது. "விடிவதற்குள் கிள்ளானில் இருக்க வேண்டும்" என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. காலையிலிருந்து காத்திருக்கிறேனே என்றேன். "சும்மாதானே உட்கார்ந்திருந்தாய்?" என்றார் அந்த அதிகாரி. புறப்பட்டேன்.

சங்காட் ஜெரிங் பலகையைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை. திடீரென்று தகரம் கிழிகிற சத்தம். கண்ணைத் திறந்தால், ஆம், அப்போதுதான் திறக்கிறேன், லோரியின் இடது பக்கம் இரும்புத் தடுப்பை உரசிக்கொண்டு போகிறது. எப்படி நிறுத்தினேனோ தெரியாது. கோலகங்சார் மிக அருகில் இருந்தது. யாருக்கும் அடியில்லை. ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தால்? அந்த எண்ணம் இன்றைக்கும் சில ராத்திரிகளில் வருகிறது. கம்பெனி என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? கதவுக்கும் பெயிண்டுக்குமாக மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். காலை 9 மணியிலிருந்து காத்திருந்த எட்டு மணி நேரம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பால் வெட்டும் தாய்மார்களே, இந்த இடத்தை நீங்கள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே உடம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் நடக்கிறீர்கள், குனிகிறீர்கள், மரத்துக்கு மரம் மாறுகிறீர்கள். டிரைவர் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மாதிரி சத்தத்தில், ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைத் தூக்கம் தொட இரண்டு விநாடி போதும். 90 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடியில் லோரி 50 மீட்டர் போய்விடும்.

ஆகவே அந்தப் பையனிடம் நான் சொன்னது இது. உள்ளூரா வெளியூரா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, சக்கரம் நிற்கும் நேரத்துக்குக் காசு கொடுப்பது யார்?

தோட்டத்தில் மழை விழுந்தால் பட்டை நனைகிறது, வெட்ட முடியாது. அந்த நாளின் நஷ்டம் யார் தலையில் என்பதற்காக நம் முன்னோர் எத்தனை வருஷம் பேசினார்கள், போராடினார்கள்! பால் எடைக்குக் காசு, விலை ஏறினால் ஒரு சம்பளம், இறங்கினால் ஒரு சம்பளம் என்றெல்லாம் பார்த்தவர்கள் நாம். லோரியில் அதற்குப் பெயர் 'டிரிப்' காசு. ஓர் ஓட்டத்துக்கு இவ்வளவு. துறைமுகத்தில் வரிசை நீண்டால், தொழிற்சாலையில் இறக்க ஆள் இல்லையென்றால், பாலத்தில் விபத்து நடந்து நெரிசலானால், அதுதான் லோரிக்காரனின் மழை நாள். சரக்குக்காரனுக்கு நஷ்டமில்லை, கப்பல்காரனுக்கு நஷ்டமில்லை, டிரைவருக்கு மட்டும் நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் அவன் ராத்திரியில் வேகமாகப் போகிறான், தூங்காமல் போகிறான். குற்றம் சாட்டும்போது எல்லோரும் அவன் கால் மிதித்ததை மட்டும் பார்க்கிறார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டம் லோரிக்காரனுக்கும் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும். மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. மிகை நேரம் மாதத்துக்கு 104 மணிக்கு மேல் போகக்கூடாது. ஒரு நாளில் 12 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. உலகத் தொழிலாளர் நிறுவனம் 1979-இலேயே சாலைப் போக்குவரத்துக்கென்று 153-ஆம் உடன்பாடு ஒன்றைச் செய்தது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நாளைக்கு மொத்தம் ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் பொது அளவு. காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் எடுப்பது பற்றி அப்போதே பேசியிருக்கிறார்கள். இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. ஆனால் 'டிரிப்' காசு வாங்கும் டிரைவரின் மணிக்கணக்கை எழுதி வைப்பது யார்? எழுதாத நேரம் இல்லாத நேரம். ஆகவே நீயே எழுது! ஐம்பது காசு நோட்டுப் புத்தகம் போதும். கேட்டுக்குள் நுழைந்த நேரம், கொள்கலன் ஏறிய நேரம், இறக்கிய நேரம். தகராறு வந்தால் தொழிலாளர் இலாகாவில் அந்த நோட்டு பேசும், நீ பேச வேண்டாம்.

இதோ என் மனைவியின் கணக்குக்கு வந்துவிட்டேன். அவள் ஒரு கிராணியின் மகள். (இப்போது கிராணிமார்கள் என்னை மன்னித்திருப்பீர்கள்.) நான் வெளியூர் ஓட்டிய காலத்தில் ஒரு நோட்டில் இரண்டு வரிசை போட்டாள். ஒரு பக்கம் வந்த காசு, மறு பக்கம் நான் வாசலைத் தாண்டிய நேரமும் திரும்பிய நேரமும். உதாரணத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், எண்களை உங்கள் கம்பெனிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தூர ஓட்டத்துக்கு 120 வெள்ளி. வெள்ளிக்கிழமை மாலை 5-க்குப் புறப்பட்டுச் சனிக்கிழமை இரவு 7-க்கு வீடு. 26 மணி நேரம். மணிக்கு நாலரை வெள்ளி சொச்சம். உள்ளூரில் இரண்டு நடை, நடைக்கு 45 வீதம் 90 வெள்ளி, 11 மணி நேரம். மணிக்கு எட்டு வெள்ளிக்கு மேல். வெளியூர்க் காசிலிருந்து மூன்று வேளைக் கடைச் சாப்பாடு, தேநீர், குளிக்கக் காசு எல்லாம் கழிய வேண்டும். "நீங்கள் அதிகமாகச் சம்பாதிக்கவில்லை, அதிக நேரம் விற்கிறீர்கள்" என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. நோட்டைத் தூக்கி எறிந்தேன். அடுத்த வருஷம் உள்ளூருக்குத் திரும்பினேன்.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கிராணிமார்கள் இதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 'டிரிப்' காசுக்குச் சம்பளச் சீட்டில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? 'கமிஷன்' என்று எழுதினால் அதற்குச் சேமநிதி கட்டியாக வேண்டும். 'பயணப்படி' என்று எழுதினால் கட்ட வேண்டாம். பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (2025-இல் சட்டம் வைத்த குறைந்தபட்சச் சம்பளம்), ஓட்டக் காசு 1,300 வெள்ளி, ஆக 3,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும். முழுத் தொகைக்குக் கட்டினால் 390 வெள்ளி. அடிப்படைக்கு மட்டும் கட்டினால் 221. மாதம் 169 வெள்ளி போயிற்று. வருஷத்துக்கு 2,028. முப்பது வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், வட்டியை விட்டுவிடுங்கள். அடிபட்டுப் படுத்தாலும் இதே கதைதான். சொக்சோ கொடுக்கும் தற்காலிக உதவி, சந்தா கட்டிய சம்பளத்தை வைத்து 80 விழுக்காடு. கட்டியது 1,700-க்கு என்றால் கிடைப்பதும் அதற்குத்தான். 3,000 வெள்ளி வைத்துக் குடும்பம் நடத்திய வீட்டில் திடீரென்று பாதிக்கும் குறைவாக வரும். அடிபடும் வாய்ப்பு எந்தத் தொழிலில் அதிகமோ அந்தத் தொழிலில் இப்படிச் செய்கிறார்கள்.

எனக்கு நேர்ந்ததுபோல் கதவுக்கும் பெயிண்டுக்கும் காசு பிடிப்பதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலாளி நினைத்ததையெல்லாம் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. எதைப் பிடிக்கலாம் என்று அது வரையறுத்திருக்கிறது. பிடிக்கக்கூடியதும் பொதுவாக மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அன்று எனக்கு இது தெரியாது. கேட்க ஒரு சங்கத்தின் வாசலையும் நான் மிதிக்கவில்லை. தோட்டத்தை விட்டதோடு சங்கத்தையும் விட்டுவிட்டேன். லோரிக்காரன் தனி ராஜா என்று நினைத்தேனே, அந்த ராஜாவுக்குப் பக்கத்தில் பேச ஓர் ஆள் இல்லை. போக்குவரத்துத் தொழிலாளருக்கும் சங்கம் உண்டு, இளைஞர்களே.

அதிகப் பாரம் பற்றி ஒரு வார்த்தை. 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீஸ் வண்டியோடு மோதி ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே, ஜூன் 9-இல், கிரிக் சாலையில் பஸ் கவிழ்ந்து பதினைந்து மாணவர்கள் இறந்தார்கள். நாடே அழுதது. அதன்பின் கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் பாரத்தை ஏற்றுகிறவன் டிரைவர் அல்லன். பெர்மிட்டை ஒருவன் வைத்துக்கொண்டு, வண்டியை இன்னொருவனுக்கு வாடகைக்கு விட்டு, மூன்றாமவனை ஓட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே சம்பளச் சீட்டே இருக்காது. "நீயே முதலாளி மாதிரி" என்பார்கள். அந்த இடம் உள்ளூரானாலும் சரி, வெளியூரானாலும் சரி, படியேறாதே.

என் சொந்த அபிப்பிராயம் என்ன என்று தலைவர் அவர்கள் கேட்கிற மாதிரி பார்க்கிறார். சொல்லிவிடுகிறேன். புதிதாக 'ஈ' எடுத்தவன் முதல் இரண்டு வருஷம் உள்ளூரில் ஓட்ட வேண்டும். பின்னோக்கி நுழைக்கவும், கண்ணாடியைப் பார்க்கவும், மோட்டார் சைக்கிளுக்குப் பயப்படவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதன்பின் தூர ஓட்டத்துக்குப் போகிறானா, போகட்டும். ஆனால் இரவு ஓட்டத்துக்கு முந்தின பகலில் துறைமுக வரிசையில் நிற்கச் சொல்லும் கம்பெனிக்கு வேண்டாம். உள்ளூர்க் கம்பெனியிலும் காத்திருப்புக்குக் காசு உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்த உள்ளூரும் வெளியூரும் எனக்கு ஒன்றே. என் நண்பர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "உள்ளூரில் சம்மனும் தகராறும்தான் மிச்சம், ஆரம்பத்திலேயே நெடுஞ்சாலைக்குப் போ" என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் முப்பது வருஷம் ஓட்டியவர்கள்தான். அவர்களையும் கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பையன் வெளியூர் ஓட்டிக் கார் வாங்கிவிட்டான் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்தக் காரை அவன் வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுகிறான் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பெருநாளில் ஹரி ராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் கனரக வண்டிகளைச் சாலையில் ஓடவிடாமல் ஜே.பி.ஜே. தடுக்கிறது அல்லவா, அந்தச் சில நாளில்தான் அவன் வீட்டில் இருப்பான். 'டிரிப்' இல்லாத நாள், அதனால் காசும் இல்லாத நாள்.

அந்தப் பையன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்று கேட்கிறீர்களா? இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு கம்பெனியிலும் ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டுவா என்று அனுப்பினேன். வெளியூர்க் கம்பெனியில் காட்டினார்கள். ஓட்டக் காசு 'கமிஷன்' என்றே இருக்கிறது, சேமநிதியும் கட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க் கம்பெனியில், "சேர்ந்தபிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது அவனுக்கு மட்டுமல்ல, எனக்கும் குழப்பம். திங்கட்கிழமை காலை நானே அவனோடு பிறைக்குப் போகிறேன்.